வண்டி வயரிங்: கேளுங்க, சொல்றேன்

(ரிலே, கனெக்டர் பத்தி வந்த கேள்விகள் மட்டும் இந்த வாட்டி)

கேள்வி: ஏனுங்ணா, என்ற வண்டியில ஒத்த ஹார்னை கழட்டிப்போட்டு ஜோடி ஹார்ன் மாட்டுனேனுங்க. கொஞ்ச நாள் ஜம்முனு அடிச்சுது, இப்ப அமுக்குனா டொக்குங்குது, சில நேரம் அதுவும் இல்லீங்க. ஹார்ன் ஸ்விட்ச் புதுசு மாத்தியும் பாத்தாச்சு, மறுக்கா அதேதான். ரிலே போடுங்கறாங்க, அது என்ன பண்ணுமுங்க? (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: புது ஸ்விட்ச்சும் போயிருச்சுன்னா தப்பு ஸ்விட்ச் மேல இல்லீங்க, அது மேல ஏத்தி வெச்ச சுமையில இருக்குது. கம்பெனியில வர்ற ஒத்த ஹார்ன் இழுக்கற கரண்ட் கம்மி, அதுக்கு தக்கன தான் ஹேண்டில்ல இருக்கற அந்த குட்டி காண்டாக்டும், அதுக்கு போற மெல்லிசு வயரும் குடுத்துருப்பாங்க. ஜோடி ஹார்ன் அதைவிட ரெண்டு மூணு மடங்கு இழுக்கும் (எவ்வளவுன்னு டப்பா மேலயே போட்டிருக்கும், பாருங்க), ஒவ்வொரு வாட்டி அமுக்கறப்பவும் காண்டாக்ட்ல சின்னதா பொறி பறந்து பறந்து கரி புடிச்சு போயிருது, கரி புடிச்சா ரெசிஸ்டன்ஸ் ஏறும், ஹார்னுக்கு போய் சேர்ற வோல்ட் எறங்கும், அந்த டொக்கு சத்தம் அதுனால வர்றதுதானுங்க.

தோட்டத்துல போர் மோட்டார் ஸ்டார்ட்டரை தெறந்து பாத்திருப்பீங்க. பச்சை பட்டன்ல மோட்டார் கரண்ட் போறதில்ல, பட்டன் காயிலுக்கு மட்டும் கரண்ட் குடுக்குது, காயில் காந்தமாகி காண்டாக்டரை இழுக்குது, மோட்டாருக்கு போற பெரிய கரண்ட் அந்த காண்டாக்டர் வழியா போகுது. ரிலேயும் அதே வேலைதான், 12 வோல்ட்டுல, கைக்குள்ள அடங்கற அளவுல. ரிலே காயில் இழுக்கறது 0.2 ஆம்புக்கும் கம்மி, உங்க ஸ்விட்ச்சுக்கு இனி அந்த வேலை மட்டும் தான்.

மாட்டறது இப்படீங்க. 4 பின் ரிலே வாங்குங்க, அடியில 30, 85, 86, 87னு நம்பர் இருக்கும். பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து ஃபியூஸ் வழியா 30க்கு. 87ல இருந்து ரெண்டு ஹார்னுக்கும் பாசிட்டிவ். ஹார்னோட இன்னொரு பின்னு நேரா பேட்டரி நெகட்டிவுக்கு. இனி பழைய ஹார்னுக்கு வந்துட்டிருந்த ரெண்டு வயர் சும்மா தொங்கும் பாருங்க, அதை ரெண்டையும் 85லயும் 86லயும் சொருகீருங்க, அவ்வளவுதான். இதுல ஒரு வசதி இருக்குது. சில வண்டியில ஹார்ன் பட்டன் பாசிட்டிவை குடுக்கும், சில வண்டியில பாசிட்டிவ் எப்பவும் இருக்கும், பட்டன் நெகட்டிவை சேத்துவிடும், இது தெரியாம ஒரு பின்னை மட்டும் எர்த்துல குடுத்துப்போட்டு ரிலே வேலை செய்யலைன்னு தூக்கி போட்டவங்க நெறையப்பேரு. பழைய ரெண்டு வயரையும் காயிலுக்கே குடுத்துட்டா எந்த வகையா இருந்தாலும் ஓடும். ரிலே மேல டயோடு படம் போட்டிருந்தா மட்டும் 86ல பாசிட்டிவ், 85ல நெகட்டிவ்னு பாத்து குடுக்கோணும், மாத்தி குடுத்தா டயோடு போயிரும்.

5 பின் ரிலே தான் கடையில கெடைச்சுதுன்னா நடுவுல இருக்கற பின்னோட நம்பரை படிங்க. 87Aன்னு இருந்தா அதை காலியா விடுங்க, ரிலே ஆஃப்ல இருக்கறப்ப கரண்ட் வர்ற பின்னு அது. அதுல ஹார்னை குடுத்தீங்கன்னா ஊரே எந்திரிச்சுக்கும்.

இன்னொண்ணு, ரெண்டு ஹார்ன் போடறது தப்பில்ல, ஆனா சுதி மாறி மாறி அடிக்கற மல்டி டோன் ஹார்ன் மோட்டார் வாகன விதியில கூடாதுன்னே இருக்குது. ரூட்ஸ் மாதிரி ஹார்ன் கம்பெனி இருக்கற கோயமுத்தூர் பக்கத்துலயே இருந்துட்டு ஆஸ்பத்திரி முன்னாடி சங்கீதம் வாசிக்கற ஹார்னை வாங்கி மாட்டாதீங்க.

கேள்வி: நைட்டு திம்பம் மலைப்பாதையில கீழ எறங்கறப்ப ஹெட்லைட் வெளிச்சம் பத்தலீங்க. 60/55 வாட் பல்புதான் இருக்குது. 100/90 போட்டா சரியாகுமுங்களா? (வாசகர், சத்தியமங்கலம்)

பதில்: வேண்டாமுங்க. 27 கொண்டை ஊசி வளைவுல பாதி தூரம் வந்து ஹோல்டர் உருகி மொத்தமா இருட்டாகறதுக்கு, இருக்கற வெளிச்சமே தேவலாம். 100 வாட் சூட்டுக்கு அந்த பிளாஸ்டிக் ஹோல்டரும் தாங்காது, ரிஃப்ளெக்டர் முலாமும் மங்கிப்போகும், எதிர்த்தாப்ல வர்ற லாரிக்காரரு கண்ணும் கூசும், எல்லாத்துக்கும் மேல அந்த கரண்டை உங்க வண்டி காயில் (ரிலே காயில் இல்லீங்க, இஞ்சின் சுத்தறப்ப கரண்ட் உண்டாக்கற காயில்) உற்பத்தி பண்ணாது, பேட்டரியில இருந்து தான் உருவும்.

மொதல்ல மல்டிமீட்டர் வெச்சு அளங்க. இஞ்சின் ஓட்டத்துல, லைட் எரியறப்ப பேட்டரி ரெண்டு முனையிலயும் எவ்வளவு வோல்ட், அதே நேரத்துல பல்ப் ஹோல்டருக்கு பின்னாடி எவ்வளவு வோல்ட். பேட்டரியில 13.8 இருந்து பல்ப்ல 12.2 தான் இருக்குதுன்னு வைங்க, 1.6 வோல்ட் வழியிலயே போச்சு. இது கேக்க சின்னதா தெரியும், ஆனா ஹாலோஜன் பல்புக்கு வோல்ட் 10 சதவீதம் கொறஞ்சா வெளிச்சம் கிட்டத்தட்ட 30 சதவீதம் கொறஞ்சு போகும். இந்த கணக்குல உங்களுக்கு மூணுல ஒரு பங்கு வெளிச்சம் போயிருச்சு, பல்ப் மேல ஒரு குத்தமும் இல்லாமயே.

எங்க போகுதுங்கறீங்க? 55 வாட்டுக்கு நாலரை ஆம்ப் பக்கம் ஓடணும். அது பேட்டரியில கெளம்பி, சாவி ஸ்விட்ச்சு, அங்கிருந்து ஹேண்டில் ஸ்விட்ச்சு, அங்கிருந்து ஹை லோ மாத்தற டிப்பர் ஸ்விட்ச்சு, அங்கிருந்து நாலஞ்சு கப்ளர் (வயரும் வயரும் சேர்ற சொருகு கனெக்டர்)னு ஊர் சுத்திட்டு பல்புக்கு வருது. 0.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர்ல மூணு மீட்டருக்கே அந்த கரண்டுக்கு அரை வோல்ட் கிட்ட விழுகும், மிச்சத்தை காண்டாக்ட்டும் பச்சை புடிச்ச பின்னும் சாப்பிடுது. அதுனால தான் அரை வோல்ட்டுக்கு மேல வித்தியாசம் வந்தா ரிலே போடுங்கங்கறேன், அதுக்கு கம்மியா இருந்தா கப்ளரை சுத்தம் பண்ணுனாலே போதும், ரிலே செலவு உங்களுக்கு தேவையில்ல.

போடறதா இருந்தா ரெண்டு ரிலே, லோவுக்கு ஒண்ணு ஹைக்கு ஒண்ணு. பழைய ஹோல்டரை வெட்டாதீங்க, அதுல சொருகற மாதிரி மூணு பின் ஆண் சாக்கெட் கெடைக்கும், அதுல இருந்து லோ வயர் ஒரு ரிலேயோட 86க்கு, ஹை வயர் இன்னொரு ரிலேயோட 86க்கு, ரெண்டு 85உம் எர்த்துக்கு. ரெண்டு 30க்கும் ஹார்னுக்கு சொன்ன மாதிரியே பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து ஃபியூஸ் வழியா. 87ல இருந்து புது ஹோல்டருக்கு, முடிஞ்சா பீங்கான் ஹோல்டரா வாங்குங்க. பாஸ் ஸ்விட்ச் அமுக்கறப்ப ரெண்டு இழையும் சேந்து எரிஞ்சா 115 வாட், 9 ஆம்ப் போல வரும், அதுனால 15 ஆம்ப் ஃபியூஸ். என்னைக்காவது ரோட்டுல ரிலே மக்கர் பண்ணுச்சுன்னா புதுசை உருவிப்போட்டு பழைய ஹோல்டரை பல்புல சொருகிட்டு வீடு வந்து சேரலாம், கம்பெனி வயரை வெட்டாதீங்கன்னு நான் கத்தறது இதுக்குத்தானுங்க.

கேள்வி: எங்கப்பா வெச்சிருந்த பழைய 100 சிசி வண்டி. ஹெட்லைட்டுக்கு ரிலே போட்டேன், போட்டதுல இருந்து ரிலே வண்டாட்டம் ர்ர்ர்ருனு கத்துது, லைட்டும் நடுங்குது. ரிலே டூப்ளிகேட்டா? (வாசகர், தாராபுரம்)

பதில்: ரிலே நல்லாத்தான் இருக்குதுங்க, உங்க வண்டி ஹெட்லைட் ஏசியில ஓடறது. ஆக்சிலேட்டர் முறுக்குனா வெளிச்சம் ஏறும், ஐடில்ல மங்கும், இஞ்சின் ஆஃப்ல எரியவே எரியாது, சரிதானுங்களே? அந்த காலத்து சின்ன வண்டியில லைட்டுக்கு பேட்டரியை தொடாம காயில்ல இருந்து நேரா குடுத்துருப்பாங்க. ஏசி கரண்ட் நொடிக்கு பல வாட்டி திரும்பி திரும்பி ஓடறதால டிசி ரிலே புடிச்சு புடிச்சு விடுது, அந்த சத்தம் அது. டிசிக்கு மாத்தோணும்னா காயில்ல பாடியோட சேந்திருக்கற எர்த் முனையை பிரிச்சு, ஏசியை டிசியா மாத்தற ஃபுல் வேவ் ரெகுலேட்டர் போட்டு, பேட்டரியும் தெம்பா இருக்கோணும். இது காயில் வேலை தெரிஞ்ச ஆட்டோ எலக்ட்ரீசியன் கிட்ட போற சோலி. அதுவரைக்கும் ரிலேயை கழட்டி ஹார்னுக்கு வெச்சுக்குங்க.

கேள்வி: வயரை முறுக்கி டேப் சுத்தறோம், சில பேரு ஈயம் வெச்சு சால்டர் பண்றாங்க, சில பேரு லக்கு போட்டு அமுக்கறாங்க. எது நெலைக்குமுங்க? மில்லுல எலக்ட்ரிக்கல் பாக்கறேன், வண்டி வேலை இப்பத்தான் பழகறேன். (வாசகர், திருப்பூர்)

பதில்: நல்ல கேள்வி கேட்டீங்க, ஏன்னா ரிலே பத்தி கேக்கறவங்க நூறு பேரு, ஜாயின்ட் பத்தி கேக்கறவங்க ஒருத்தரோ ரெண்டு பேரோ, வண்டியை ரோட்டுல நிறுத்தறது என்னவோ ஜாயின்ட்டு தானுங்க.

முறுக்கி டேப் சுத்தறது வீட்டுக்கு போய் சேர்ற வரைக்கும். சித்திரை வெயில்ல டேப் பசை உருகி வழுக்கிட்டு வந்துரும், பாலக்காட்டு கணவா வழியா மழைக்காத்து வர்ற மாசத்துல தண்ணி செம்பு இழைக்குள்ள ஏறி உள்ள முச்சூடும் பச்சையா போயிரும், வெளிய பாத்தா டேப் நல்லாவே தெரியும். சால்டர் கெட்டதில்ல, ஆனா ஈயம் இழைக்குள்ள ஊறி அந்த எடம் கம்பியாட்டம் வெறைச்சுக்கும், வெறைச்ச எடமும் வளையற எடமும் சேர்ற ஓரத்துல வண்டி அதிர்ந்து அதிர்ந்து பட்டுனு ஒடியும். மில்லு பேனல்ல அசையாத வயருக்கு அது தாங்கும், ஹேண்டில் கழுத்துல தாங்காது.

கம்பெனிக்காரன் பண்றது கிரிம்பு, நீங்க சொன்ன அந்த லக்கு போட்டு அமுக்கறது. பின்னுல ரெண்டு சோடி காது இருக்கும், முன் காது செம்பை புடிக்கோணும், பின் காது மேல் உறையை புடிக்கோணும், ரெண்டாவது காது தான் அதிர்வை தாங்கறது. கட்டிங் பிளேயர்ல நசுக்கறது கிரிம்பு இல்லீங்க. அதுக்குன்னு ராச்செட் டூல் இருக்குது, ஒரு வாட்டி காசு போட்டு வாங்கிருங்க. இன்சுலேட்டட் லக்குல செவப்பு 0.5ல இருந்து 1.5 ஸ்கொயர் வரைக்கும், நீலம் 1.5ல இருந்து 2.5 வரைக்கும், மஞ்ச 4ல இருந்து 6, நீல லக்குல மெல்லிசு வயரை ரெண்டா மடிச்சு திணிக்கற பழக்கம் வேண்டாம். அமுக்குனதும் நல்லா இழுத்து பாருங்க, கையோட வந்துருச்சுன்னா நல்லதாப் போச்சு, பட்டறையிலயே வந்துருச்சு. மேல ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ்.

வெளிய தண்ணி படற எடத்துக்கு ரப்பர் சீல் வெச்ச வாட்டர் ப்ரூஃப் கனெக்டர் போடுங்க, ஒவ்வொரு வயருக்கும் தனி சீல் இருக்கும், வயர் தடிமனுக்கு ஏத்த சீலா பாத்து எடுங்க. வயரை வெட்டாம ஊசி குத்தி கரண்ட் எடுக்கற கிளிப்பு ஒண்ணு விக்கறாங்க, சுலபமாத்தான் இருக்கும், இழையை பாதி அறுத்து வெச்சிரும், மழைக்காலத்துல அங்க தான் மொதல்ல போகும். அதை வண்டி பக்கமே கொண்டு வராதீங்க.

கேள்வி: வீட்டு வயரிங்ல மிச்சமான வயர் கெடக்குது, அதை போடலாமா? ஃபியூஸ் அவசியமா? (வாசகர், பவானி)

பதில்: ஒத்தக்கம்பி வயரா இருந்தா கண்டிப்பா கூடாது, அதிர்வுல ஒடியும். மெல்லிசு இழை நெறைய இருக்கற ஆட்டோ வயர் தான், சூட்டையும் ஆயிலையும் அதோட உறைதான் தாங்கும். ஹார்னுக்கும் ஹெட்லைட்டுக்கும் 1.5 ஸ்கொயர், பேட்டரியில இருந்து வர்ற மெயின் மட்டும் 2.5, ரிலே காயிலுக்கு 0.5 தாராளம். எர்த் வயரும் அதே தடிமன் இருக்கோணும், பெயின்ட் மேல போல்ட் முறுக்கிட்டு எர்த் குடுத்துட்டேங்காதீங்க.

ஃபியூஸ் அவசியமான்னு கேக்கவே கூடாதுங்க. வயர் எங்கயாச்சும் உரசி பாடியில பட்டா பேட்டரி அதுகிட்ட இருக்கறதை பூரா அந்த வயர்ல தள்ளும், மேல பெட்ரோல் டேங்க் இருக்குது. பேட்டரிக்கு பக்கத்துலயே, ஒரு சாண் தூரத்துக்குள்ள ஃபியூஸ் வைங்க. அக்கட்ட ஹெட்லைட் டூமுக்குள்ள வெச்சா அதுவரைக்கும் வர்ற வயருக்கு காவல் யாரு? போச்சுன்னா அதே ஆம்ப் ஃபியூஸ், சிகரெட் அட்டை ஜிகினா பேப்பர் வேண்டாம்.

கேள்வி: வால்பாறையில இருக்கறோம், வருசத்துல பாதி மழை. ரிலே உள்ளயே தண்ணி போயிருது. (வாசகி, வால்பாறை)

பதில்: அம்மிணி, ரிலேயை பின்னு கீழ பாக்கற மாதிரி சைடு பேனலுக்குள்ள மாட்டச் சொல்லுங்க, பின்னு மேல பாத்தா தண்ணி சாக்கெட்டுல தேங்கி நிக்கும். வயர் கனெக்டருக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி கொஞ்சம் கீழ தொங்கி மேல ஏறட்டும், தண்ணி அந்த வளைவுலயே சொட்டீரும். பின்னுல டைஎலக்ட்ரிக் கிரீஸ் (கரண்ட் கடத்தாத, தண்ணியை அண்ட விடாத கிரீஸ்) லேசா தடவுங்க. சீல் பண்ணின ரிலேயும் கெடைக்குது, உங்க ஊருக்கு அதுதான் சரி.

கேள்வி: புது எஃப்ஐ (ஃபியூயல் இஞ்செக்ஷன்) வண்டி. ஹெட்லைட் சாவி போட்டதும் தானாவே எரியுது, ஆஃப் ஸ்விட்ச்சே காணோம். இதுல ஃபாக் லைட்டுக்கு கரண்ட் எங்க எடுக்கறதுங்க? (வாசகர், காங்கேயம்)

பதில்: 2017 ஏப்ரல்ல இருந்து புதுசா வர்ற டூவீலர் எல்லாத்துக்கும் ஹெட்லைட் தானா எரியற மாதிரி தான் வருது, ரிப்பேர் இல்லீங்க. ஃபாக் லைட்டுக்கு கரண்ட் பேட்டரியில இருந்து, ஃபியூஸ், ரிலே வழியா மட்டும். ரிலே காயிலுக்கு மட்டும் பார்க் லைட் வயர்ல இருந்தோ, கம்பெனியே ஆக்சசரிக்குன்னு விட்டிருக்கற கப்ளர்ல இருந்தோ எடுங்க, அப்பத்தான் சாவி ஆஃப் பண்ணுனா லைட்டும் அணையும், ரிலேக்கு முன்னாடி ஒரு ஸ்விட்ச்சும் வைங்க. இசியூவுக்கும் (இஞ்சினை கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர்) சென்சாருக்கும் போற வயரை கத்தி வெச்சு சொரண்ட விடாதீங்க, யாரு செஞ்சாலும். வேலை முடிஞ்சதும் ஹேண்டிலை ரெண்டு பக்கமும் லாக் வரைக்கும் திருப்பி பாத்து, வயர் எங்கயும் இழுபடலைன்னு தெரிஞ்ச பொறகு டை போட்டு கட்டுங்க.