பழைய சிஸ்கோ ஸ்விட்சை இணைத்ததும் விலான்கள் (ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிப்பவை, VLAN) எல்லாம் அழிந்தது ஏன்?

காரணம் பெரும்பாலும் விடிபியின் (விலான் பட்டியலை ஸ்விட்சுகளுக்கிடையே பகிரும் சிஸ்கோ நெறிமுறை, VTP) திருத்த எண்தான். விலான் பட்டியல் மாறும் ஒவ்வொரு முறையும் அந்த எண் ஒன்று கூடும். விடிபி டொமைன் பெயரும் கடவுச்சொல்லும் ஒத்துப்போனால், டிரங்க் (பல விலான்களைச் சுமக்கும் இணைப்பு) வழியாக வரும் பெரிய எண் கொண்ட பட்டியலையே மற்ற ஸ்விட்சுகள் அப்படியே ஏற்றுக்கொள்ளும். பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு: கிளையன்ட் முறையில் (விலான்களைத் தானே மாற்ற முடியாத முறை) இருக்கும் ஸ்விட்சும் இப்படி அழிக்கும்! உங்கள் பழைய ஸ்விட்சின் எண் பெரியதாக இருந்திருக்கும். விலான் போனதும் அதிலிருந்த போர்ட்டுகளும் செயலிழந்துவிடும்.

கன்ஃபிக்கை (ஸ்விட்சின் அமைப்புகளை) மட்டும் அழித்தால் போதாது. விலான் விவரம் ஃபிளாஷ் நினைவகத்தில் தனிக் கோப்பாக இருக்கிறது. இணைக்கும் முன் டிரான்ஸ்பரன்ட் முறைக்கு (மற்றவற்றின் பட்டியலை ஏற்காத, தன் பட்டியலைப் பரப்பாத முறை) மாற்றுங்கள், திருத்த எண் 0 ஆகிவிடும். விடிபியின் 3ஆம் பதிப்பில் முதன்மை சர்வராக நியமித்த ஸ்விட்ச் மட்டுமே பட்டியலை மாற்ற முடியும். சிறிய நெட்வொர்க் என்றால் எல்லாவற்றையும் டிரான்ஸ்பரன்ட்டிலேயே வைத்துவிடுங்கள் என்பேன்.