டிராவல் டிரெய்லரில் (காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் வீட்டு வண்டி) வாட்டர் ஹீட்டரை கேஸில் ஓட்டுவது நல்லதா, கரண்டிலா? இரண்டையும் ஒன்றாகப் போடலாமா?

கேட்டதற்கு முதலில் பதில். டிரெய்லரை நிறுத்தித் தங்கும் கேம்ப் கிரவுண்டில் கரண்ட் இருந்தால் கரண்ட். இல்லாத இடத்தில் கேஸ். நாலு பேர் அடுத்தடுத்துக் குளிக்க வேண்டுமென்றால் இரண்டையும் போடலாம், ஹீட்டருக்கு ஒன்றும் ஆகாது.

ஆனால் இதைப் படித்த கையோடு எழுந்து போய் ஸ்விட்சைத் தட்டிவிடாதீர்கள். ஹீட்டர் டேங்குக்குள் தண்ணீர் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் ஸ்விட்ச். இந்த ஒரு வரியை அன்றைக்கு எனக்கு யாராவது சொல்லியிருந்தால், எழுபத்து மூன்று வயது அம்மாவை ஏப்ரல் குளிரில் துண்டும் தோளுமாக ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்திருக்க மாட்டேன்.

வண்டி வாங்கி முதல் வருஷம், குளிர்காலம் முழுக்க நிறுத்தி வைத்திருந்தோம், வசந்தத்தில் முதல் பயணம் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். நான் மாட்டியதும் அதே இடத்தில்தான்.

நாங்கள் நியூஜெர்சியில் இருக்கிறோம். குழாயில் தண்ணீர் நின்று உறைந்தால் வெடித்துவிடும் என்பதால் இங்கே இலையுதிர் காலத்திலேயே டிரெய்லரின் தண்ணீரையெல்லாம் வடித்துவிட்டு, ரோஸ் நிற ஆன்டிஃப்ரீஸை (குளிரில் குழாயை வெடிக்க விடாத திரவம்) உள்ளே ஏற்றுவார்கள். ஹீட்டர் டேங்கையும் அதனால் நிரப்பினால் 6 கேலன் வீண். அதனால் டேங்கை வடித்துக் காலியாக விட்டு, தண்ணீர் அதற்குள் போகாமல் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி பைபாஸ் வால்வைத் திருப்பி வைப்பார்கள். வசந்தத்தில் அதை மறுபடி பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும். எங்கள் வண்டியைக் கவனித்த சர்வீஸ் கடை குழாய்களைக் கழுவிக் கொடுத்தது, 'எல்லாம் ரெடி' என்றும் சொன்னது. வால்வைத் திருப்பவில்லை. அப்படி ஒரு வால்வு இருப்பதே எனக்கும் தெரியாது.

2022 ஏப்ரல். அம்மா ஊரிலிருந்து வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. வர்ஜீனியாவில் லூரே பக்கம் ஒரு கேம்ப் கிரவுண்டில் ஐந்து நாள் எடுத்திருந்தோம். 30 ஆம்ப் கரண்டைச் சொருகினோம், தண்ணீர்க் குழாயை மாட்டினோம். சமையல் தொட்டியில் வெந்நீர்ப் பக்கத்துக் குழாயைத் திறந்தேன். நன்றாக வந்தது. டேங்க் நிறைந்துவிட்டது என்று நம்பி ஹீட்டரின் கரண்ட் ஸ்விட்சைப் போட்டேன்.

பைபாஸில் இருக்கும்போது பச்சைத் தண்ணீரே வெந்நீர்க் குழாய் வழியாகவும் வரும். டேங்க் எலும்பாகக் காய்ந்து கிடந்தாலும் வரும். 'வெந்நீர்க் குழாயைத் திற, தண்ணீர் வந்தால் டேங்க் நிறைந்துவிட்டது' என்று பல இடங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். வால்வு சரியான நிலையில் இருந்தால் மட்டும்தான் அது சரி.

ஒரு மணி நேரம் போனது. குழாயில் அதே சில்லிப்பு.

"என்னட்டி, இன்னுமா வெந்நி காயல?" என்று அம்மா மூன்றாம் தடவை கேட்டார். அம்பாசமுத்திரத்தில் ஆற்றில் குளித்து வளர்ந்தவர், பச்சைத் தண்ணீருக்குப் பயந்தவர் இல்லை. ஆனால் அந்தத் தண்ணீரில் விரலை வைத்தால் எலும்பு வரை ஏறியது. முழங்கால் வலி வேறு.

கரண்டில் ஏதோ கோளாறு என்று நினைத்து கேஸ் ஸ்விட்சைப் போட்டேன். வெளியே டிக் டிக் என்று பொறி அடித்து, குப்பென்று பற்றிக்கொண்ட சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. மறுபடி போட்டேன். அப்போதுதான் பக்கத்து இடத்தில் இருந்த வயதான அமெரிக்கர் ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, முதலில் இரண்டையும் அணைக்கச் சொன்னார். ஹீட்டரின் வெளிக்கதவைத் திறந்து, மேலே இருக்கும் ரிலீஃப் வால்வின் (உள்ளே அழுத்தம் கூடினால் திறந்துகொள்வது) சின்னப் பிடியை ஒரு குச்சியால் தூக்கினார். ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. காய்ந்த சூட்டுக்காற்று மட்டும் வந்தது. பானை கருகுகிற வாடை.

அப்புறம்தான் கட்டிலுக்கு அடியில் பலகையைக் கழற்றி அந்த மூன்று வால்வுகளைக் காட்டினார். டேங்குக்குள் போகும் வழியும் வெளியே வரும் வழியும் திறந்திருக்க வேண்டும், நடுவில் இருக்கும் பைபாஸ் மூடியிருக்க வேண்டும். எங்கள் வண்டியில் மூன்றுமே தலைகீழாக இருந்தன. டேங்க் சூடு ஆறட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டு, பிறகு திருப்பினோம். குளுகுளுவென்று டேங்க் நிறைகிற சத்தம் கேட்டது. குழாய் சில நிமிடம் காற்றும் தண்ணீருமாகத் துப்பி, பிறகு சீராக வந்தது. ரிலீஃப் வால்வை மறுபடி தூக்கினார், இந்த முறை தண்ணீர் கொட்டியது. கேஸைப் போட்டோம். அரை மணிக்குள் ஆவி பறக்க வெந்நீர் வந்தது. கரண்ட் பக்கம் செத்துப் போயிருந்தது, அந்த ஐந்து நாளும் கேஸிலேயே ஓட்டினோம்.

காரணம் எளிது. வீட்டில் வாளியில் போடுகிற ஹீட்டர் ராடு மாதிரிதான் டேங்குக்குள் கரண்டில் சூடாகும் எலிமென்டும். சூட்டை வாங்கிக்கொள்ளத் தண்ணீர் இல்லையென்றால் ஓரிரு நிமிடத்தில் கருகிவிடும். கேஸில் எரிகிற சூடு கொஞ்சம் தாங்கும், தெர்மோஸ்டாட் அறுத்துவிடும். ஆனால் அதையும் காலி டேங்கில் பற்றவைக்கவே கூடாது. எங்களுக்கு டேங்க் தப்பியது அதிர்ஷ்டம்தான்.

சர்வீஸ் கடைக்குப் போன் செய்தேன். 'தண்ணீர் இல்லாமல் போட்டது உங்கள் தவறு, நாங்கள் பொறுப்பில்லை' என்றார்கள். ஸ்விட்சைப் போட்டது நான்தான், மறுக்கவில்லை. வால்வை மூடி வைத்துவிட்டு 'ரெடி' என்று சாவியைக் கொடுத்தது யார்? அவர்கள் சொன்ன கூலியைக் கேட்டு, எலிமென்டை நானே மாற்றினேன். கரண்டை முழுக்கத் துண்டித்து, டேங்கை ஆறவிட்டு, வடித்து, ஒன்றரை இஞ்ச் எலிமென்ட் ஸ்பேனரால் கழற்றினேன். கொண்டை ஊசி மாதிரி வளைந்த கம்பி. ஒரு இடத்தில் உறை வெடித்து, உள்ளேயிருந்து வெள்ளை மாவு உதிர்ந்துகொண்டிருந்தது. உங்களுடையது போய்விட்டதா என்று தெரிய மல்டிமீட்டர் போதும்: 120 வோல்ட், 1440 வாட் எலிமென்ட் ஏறக்குறைய 10 ஓம் காட்ட வேண்டும். என்னுடையதில் எண்ணே வரவில்லை. நான் எலெக்ட்ரீஷியன் இல்லை. 120 வோல்ட்டில் கை வைக்கத் தயக்கம் இருந்தால் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள், அதில் ஒரு குறைச்சலும் இல்லை.

இனி எப்போது எது என்று.

கேம்ப் கிரவுண்டில் பெரும்பாலும் ஒரு நாள் வாடகையிலேயே கரண்டும் அடக்கம். கேஸ் உங்கள் காசு. அதனால் கரண்ட். மாதக் கணக்கில் தங்கினால் மீட்டர் வைப்பார்கள், அப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 1440 வாட் என்றால் 12 ஆம்ப். உங்களுக்கு மொத்தம் 30 ஆம்ப், அதாவது 3600 வாட். ஏசி 12, 13 ஆம்ப் எடுக்கும். இந்த இரண்டும் ஓடும்போது யாராவது மைக்ரோவேவைத் தட்டினால் பிரேக்கர் விழும். கோடையில் பகலில் ஏசி ஓடும்போது நாங்கள் ஹீட்டரை கேஸுக்கு மாற்றிவிடுவோம், ராத்திரி ஏசி நின்ற பிறகு கரண்டுக்கு. 50 ஆம்ப் வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை.

பச்சைத் தண்ணீர் சூடாக கரண்டில் முக்கால் மணி, கேஸில் 20, 25 நிமிடம் ஆகும். எங்கள் ஹீட்டரின் கேஸ் பர்னர் மணிக்கு 12,000 பிடியு (வெப்பத்துக்கான அளவு), வாட்டில் சொன்னால் 3500. அதனால்தான் அந்த வேகம். செலவுக்குப் பயப்படாதீர்கள். 20 பவுண்டு சிலிண்டர் ஒன்றில் இந்த பர்னர் விடாமல் எரிந்தாலே 35 மணி நேரம் வரும். விடாமல் எரிவதும் இல்லை.

லூரே பக்கத்து ஷெனண்டோவா நேஷனல் பார்க் உள்ளே இருக்கும் கேம்ப் கிரவுண்டுகளில் கரண்ட் இணைப்பு கிடையாது. அங்கே கேஸ்தான். 'எங்களிடம் சோலார் இருக்கிறது, இன்வெர்ட்டர் இருக்கிறது' என்று சிலர் எழுதுவார்கள் என்று தெரியும். 1440 வாட்டை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுத்தால் 120 ஆம்ப். நூறு ஆம்ப்-அவர் பேட்டரி ஒரு மணி நேரம்கூட நிற்காது. ஆனால் கேஸில் ஓட்டினாலும் பொறி அடிக்கவும் கேஸ் வால்வு திறக்கவும் 12 வோல்ட் பேட்டரி வேண்டும், அதற்கு இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு. பேட்டரி படுத்துவிட்டால் சிலிண்டர் நிறைய கேஸ் இருந்தும் வெந்நீர் வராது.

கேஸ் பற்றாமல் சிவப்பு விளக்கு எரிந்தால் முதலில் சமையல் அடுப்பைப் பற்றவைத்துப் பாருங்கள், லைனில் இருக்கும் காற்று வெளியேறிவிடும். அப்புறம் பர்னர் குழாயைப் பாருங்கள். கேஸுக்குச் சேர்க்கும் வாசனைப் பொருள் சிலந்திக்குப் பிடிக்கும் போலிருக்கிறது, வருஷா வருஷம் அங்கே கூடு கட்டிவிடுகிறது. தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாகத் தள்ளாடினால் அடைப்பு.

அம்மா 'கேஸ் கீசரா? வேண்டாம்' என்று முதலில் பயந்தார். ஊரில் காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் கேஸ் கீசர் வைத்து, கார்பன் மோனாக்சைடில் உயிர் போன செய்திகளைப் படித்தவர். பயம் நியாயமானது. டிரெய்லர் ஹீட்டரின் தீயும் புகையும் வண்டிக்கு வெளிப்பக்கம் மட்டும். அந்த வெளிக்கதவை எதனாலும் மறைக்காதீர்கள், ஜன்னலை அதற்கு நேர் மேலே திறந்து வைக்காதீர்கள், உள்ளே இருக்கும் சிஓ (கார்பன் மோனாக்சைடு) அலாரத்தின் பேட்டரியைப் பாருங்கள்.

வண்டி ஓடும்போது சிலிண்டரை மூடிவிடுங்கள். பால்டிமோர் வழியாகப் போகிறீர்கள் என்றால், அங்குள்ள இரண்டு துறைமுகச் சுரங்கப் பாதைகளிலும் 10 பவுண்டுக்கு மேற்பட்ட புரொப்பேன் (நம் கேஸ்தான்) சிலிண்டரோடு போக முடியாது. முன்பு அங்கே தண்ணீருக்கு மேல் இருந்த கீ பாலத்தில் ஏறிப் போவோம். 2024 மார்ச்சில் கப்பல் மோதி அது விழுந்த பிறகு ஊரைச் சுற்றும் 695 நெடுஞ்சாலையில் மேற்குப் பக்கமாகச் சுற்றித்தான் போகிறோம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பயணத்தில் அம்மா டிரெய்லர் வாசலில் காபியோடு உட்கார்ந்திருந்த படத்தைக் குடும்ப வாட்ஸப்பில் போட்டேன். 'அமெரிக்கா வரைக்கும் போய் அம்மாவை லாரிப் பெட்டியில குடி வச்சிருக்கா' என்று ஒரு சித்தி எழுதினார். இங்கே இருக்கும் நம்மவர்களும் 'ஹோட்டல்ல ரூம் போட்டா முடிஞ்சுது, இது எதுக்கு' என்று கேட்பார்கள். அம்மாவுக்கு மணிக்கொரு தடவை பாத்ரூம் போக வேண்டும். வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, ரசம் சோறு வேண்டும். அதற்கு முந்தைய இரண்டு தடவை வந்தபோதும் இதனாலேயே எங்கும் வர மாட்டேன் என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். ஷெனண்டோவா மலைமேல் போகும் ஸ்கைலைன் டிரைவ் சாலையை அவர் பார்த்தது இந்த 'லாரிப் பெட்டி' வாங்கிய பிறகுதான். படத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. கேட்டிருக்கலாம்.

6 கேலன் என்றால் 22 லிட்டர் சொச்சம். ஷவரைத் திறந்து விட்டால் ஒரு ஆளுக்கே தீர்ந்துவிடும். அம்மா இரண்டாம் நாளே ஷவரை மூடச் சொல்லிவிட்டு, வாளியில் பாதி வெந்நீர் பிடித்து, பச்சைத் தண்ணீர் விளாவி, செம்பால் மொண்டு குளித்தார். டேங்கில் தண்ணீர் 55, 60 டிகிரி வரை ஏறும், குழந்தை இருந்தால் விளாவாமல் தொட விடாதீர்கள். விளாவிக் குளித்தால் நாலு பேருக்கு ஒரே டேங்க் போதும். நாங்கள் இப்போதும் அப்படித்தான் குளிக்கிறோம்.

புது வண்டிகளில் டேங்கே இல்லாத கேஸ் ஹீட்டர் வருகிறது. உங்களுடையது அதுவென்றால் இந்தக் கேள்வியே எழாது. இரண்டு ஸ்விட்ச் இருக்கிறது என்று நீங்கள் சொல்வதால் டேங்க் வைத்ததுதான். சில மாடல்களில் உள்ளே இருக்கும் ஸ்விட்ச் தவிர, வெளிக்கதவுக்குப் பின்னால் கீழ் மூலையில் கரண்டுக்கென்று தனியாக ஒரு கறுப்பு ஸ்விட்சும் இருக்கும். அதை டேங்க் நிறையும்வரை அணைத்தே வையுங்கள். எஃகு டேங்க் என்றால் மெக்னீசியம் கம்பி ஒன்றும் உள்ளே இருக்கும், டேங்குக்குப் பதிலாக அதுதான் அரித்துப் போகும். முக்கால் பங்கு தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். சூடாக இருக்கும்போது மட்டும் அதைக் கழற்றாதீர்கள், கொதிநீர் முகத்தில் அடிக்கும். அலுமினிய டேங்கில் அந்தக் கம்பி இருக்காது.

மாடல் எண் வெளிக்கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும். அதையும், கட்டிலுக்கு அடியிலோ சமையல் தொட்டிக்குக் கீழேயோ இருக்கும் வால்வுகளின் படத்தையும் கீழே போடுங்கள். எதை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.