ஸ்பின்னில் மட்டும் அன்பேலன்ஸ் எரர்: ஒற்றைப் போர்வை

வாஷிங் மெஷினில் போர்வையைத் தனியாகப் போடாதீர்கள். கையால் உதறிப் பிரித்து, கூட இரண்டு டவல் சேர்த்து ஸ்பின்னை (துணி பிழியும் சுற்றை) மட்டும் மறுபடி ஓட்டுங்கள். மெஷின் அலசும்வரை ஒழுங்காக ஓடி ஸ்பின்னில் மட்டும் அன்பேலன்ஸ் எரர் காட்டி நிற்கிறது என்றால், அது பெரும்பாலும் இதனால்தான்: தண்ணீர் குடித்த போர்வை சுருண்டு டிரம்மின் ஒரே பக்கம் மொத்தையாக ஒட்டிக்கொள்ளும், எடை அந்தப் பக்கமே சாய்ந்துவிடும்.

அப்புறமும் எரர் வந்தால், காலி டிரம்மில் ஸ்பின் போட்டுப் பாருங்கள். காலியிலும் தடதடவென்று ஆடினால், மெஷினை நிறுத்திவிட்டு எதிரெதிர் மூலைகளை மாற்றி மாற்றி அழுத்துங்கள். ஆடுகிற காலைத் திருகித் தரையில் ஊன்றவைத்து, காலை அசையாமல் பிடிக்கும் லாக் நட்டை இறுக்குங்கள். கால் சரியாக இருந்தும் ஆட்டம் நிற்கவில்லையா? டிரம்மைத் தாங்கி ஆட்டத்தை அடக்கும் சஸ்பென்ஷன் தேய்ந்திருக்கலாம், மெக்கானிக்தான் பார்க்க வேண்டும்.

ஒன்று: போர்வை வாட்டர்ப்ரூஃப் துணி என்றால் ஸ்பின்னே வேண்டாம். உள்ளே தேங்கும் தண்ணீர் வேகத்தில் மெஷினையே தூக்கியடித்துவிடும்.