கிழிச்ச போட்டோவும் அந்தக் குரலும்: சினேட் ஓ'கானர் பத்தி ஒரு கடிதம்

அண்ணா வணக்கம்,

ஐரிஷ் பாடகி சினேட் ஓ'கானர் பத்தி நீங்க எழுதுனத படிச்சேன். காலேஜ் படிக்கறப்ப அவங்களோட 'நத்திங் கம்பேர்ஸ் டு யூ' பாட்ட கேசட் தேயுற வரைக்கும் கேட்டிருக்கேன், இப்பவும் எங்கயாவது கேட்டா கண்ணு கலங்கிரும். ஆனா எங்களது கத்தோலிக்க குடும்பம். 1986-ல போப் இரண்டாம் அருள் சின்னப்பர் (ஜான் பால்) மெட்ராஸ் வந்தப்ப அம்மா கூட்டத்துல நின்னு பார்த்துட்டு வந்தவங்க, அவர் படம் இன்னும் எங்க ஹால்ல மாட்டியிருக்கு. அவரோட போட்டோவ டிவில கிழிச்சவங்கள நான் எப்படி ரசிக்கிறது? பாட்ட மட்டும் எடுத்துக்கிட்டு மத்தத விட்டுரலாமா? ஒழுங்கா பாடிட்டு இருந்தா எங்கயோ போயிருப்பாங்க, வீம்புக்குக் கெடுத்துக்கிட்டாங்கன்னுதான் எனக்குத் தோணுது.

ஒரு வாசகி, தூத்துக்குடி

வணக்கம்மா,

உங்க ஹால்ல இருக்கற படத்த பத்தி நான் ஒரு வார்த்த சொல்ல மாட்டேன், அது உங்க அம்மாவோட பக்தி. ஆனா பாட்ட மட்டும் எடுத்துக்கலாமான்னு கேக்கறீங்க பாருங்க, அது முடியாதும்மா, ஏன்னா ரெண்டும் ஒரே வீட்லேருந்து வந்தது.

அந்தப் போட்டோ கடையில வாங்குனது இல்ல. சினேட்டோட அம்மா ரூம் சுவத்துல இருந்தது. அந்த அம்மா தன்ன அடிச்சுக் கொடுமப்படுத்துனாங்கன்னு சினேட் பல பேட்டில சொல்லியிருக்காங்க, 2021-ல வந்த தன்னோட புத்தகத்துலயும் எழுதியிருக்காங்க. 1985-ல அம்மா கார் விபத்துல இறந்தப்ப இவங்களுக்கு 18 வயசு, அப்ப சுவத்துலேருந்து கழட்டுன படம் அது. என்னைக்காவது ஒரு நாள் இத கிழிக்கணும்னு வெச்சிருந்து, வீடு மாறுனப்பல்லாம் கூடவே கொண்டுபோயிருக்காங்க.

இப்ப நீங்க தேயத் தேயக் கேட்ட பாட்டுக்கு வாங்க. பிரின்ஸ் எழுதுன பாட்டு, 1985-ல வேற குரூப் பாடி யாரும் பெருசா கண்டுக்கல, 1990-ல இவங்க பாடி நாடு நாடா நம்பர் ஒன் ஆச்சு. வீடியோல முக்கால்வாசி முகம் மட்டும்தான், மொட்டத் தல, கறுப்பு டிரஸ், ஒளிஞ்சுக்க எடமே இல்ல. கடைசில அம்மா நட்ட பூச்செடி பத்தி ஒரு வரி வரும், அங்கதான் கண்ணீர் வழியும். அது நடிப்பு இல்ல, அம்மா நெனப்பு வந்து அழுதுட்டேன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. அடிச்ச அம்மாவுக்காக அழறாங்க, ரெண்டு வருஷம் கழிச்சு அதே அம்மா சுவத்துல வெச்சிருந்த போப் படத்த கிழிக்கறாங்க. இதுல எத எடுத்துக்கிட்டு எத விடறது சொல்லுங்க.

அந்த 1992 அக்டோபர் 3 நிகழ்ச்சிய முழுசா பார்த்திருக்கீங்களா? முக்கால்வாசி பேர் கிழிக்கற அந்த ரெண்டு செகண்ட மட்டும்தான் பார்த்திருப்பாங்க. நியூயார்க், சாட்டர்டே நைட் லைவ்ங்கற நேரலை டிவி காமெடி நிகழ்ச்சி, வெள்ள லேஸ் கவுன், பக்கத்துல மெழுகுவத்தி, ஒரு வாத்தியம் கெடையாது. பாப் மார்லியோட வார் பாட்டு. எத்தியோப்பியா பேரரசர் ஹெய்லி செலாசி 1963-ல ஐநா சபையில பேசுன பேச்சுலேருந்து வந்த வரிகள், அதுக்குள்ள குழந்தைங்களுக்கு நடக்கற கொடுமைய சேத்து பாடறாங்க, குரல் ஒரு எடத்துலயும் தடுமாறல. முடியறப்ப படத்த கேமராவுக்கு நேரா காட்டி கிழிச்சுப் போட்டு, உண்மையான எதிரியோட மோதுங்கன்னு சொல்றாங்க. ஸ்டுடியோல ஒரு கைதட்டல் இல்ல. வயசு 25.

அடுத்த வாரம் அதே மேடையில நடிகர் ஜோ பெஸ்கி ஒட்ட வெச்ச படத்த காட்டி, நான் இருந்திருந்தா ஒண்ணு விட்டிருப்பேன்னு சொன்னாரு, அதுக்கு கைதட்டுனாங்க. ஒரு பொண்ண அடிப்பேன்னு சொன்னதுக்கு! ரெண்டு வாரத்துல மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல பாப் டிலனுக்கு மரியாத செய்யற கச்சேரி, இவங்க மைக் முன்னாடி வந்ததும் ஊளையிட ஆரம்பிச்சாங்க. கூட்டிட்டு வந்துருங்கன்னு பாடகர் கிறிஸ் கிறிஸ்டோஃபர்சன அனுப்புறாங்க, அவரு வந்து காதுல தைரியம் சொல்லிட்டு நிக்கறாரு. இவங்க கீபோர்ட நிறுத்தச் சொல்லிட்டு, பாட வந்த டிலன் பாட்ட விட்டுட்டு, திரும்ப அதே வார் பாட்ட அந்தக் கூட்டத்து மூஞ்சிக்கு நேரா கத்திட்டுத்தான் எறங்குனாங்க. எறங்குனப்புறம் அவர் தோள்ல சாஞ்சு அழுதாங்க.

வீம்புன்னு எழுதியிருக்கீங்க. சின்ன வயசுல கடையில திருடுனதுக்காக டப்ளின்ல கன்னியர் நடத்துன ஒரு விடுதில போட்டாங்க, அதே வளாகத்துல மக்தலேன் சலவைக்கூடம் இருந்தது, வழி தவறுனவங்கன்னு சொல்லி பொண்ணுங்கள அடச்சு வெச்சு கன்னியர் வேல வாங்குன எடம். தண்டனையா ஒரு ராத்திரி, ஆயுசு பூரா அங்க துணி தொவச்சே கெழவியான பொம்பளைங்க படுத்த படுக்கையா கெடந்த வார்டுல தூங்க அனுப்பியிருக்காங்க. அந்த அம்மாமார் கூப்பிட்டா வர ஆள் இல்ல. அதே எடத்துல ஒரு சிஸ்டர்தான் இவங்களுக்கு கிட்டார் வாங்கிக் குடுத்ததும், அதயும் நன்றியோட எழுதியிருக்காங்க. இத்தனையும் நேர்ல பார்த்த பொண்ணும்மா. அதுக்கப்புறம் 2002-ல பாஸ்டன்ல பாதிரியாருங்க குழந்தைங்கள பாலியல் கொடும செஞ்ச செய்திகள் வந்தது, 2009-ல திருச்சபை விடுதிகள்ல குழந்தைங்களுக்கு நடந்த கொடும பத்தி அயர்லாந்து அரசாங்க கமிஷனோட ரையன் அறிக்கை வந்தது, 2018-ல போப் பிரான்சிஸ் டப்ளின் பூசையில மன்னிப்பு கேட்டாரு. 1992-ல இத சத்தமா சொன்னதுக்குத்தான் நியூயார்க்ல இவங்க ரெக்கார்டுங்கள ரோட்ல போட்டு ஸ்டீம்ரோலர் ஏத்துனாங்க.

கெடுத்துக்கிட்டாங்கன்னும் சொல்றீங்க. அவங்க கணக்கு வேற: நம்பர் ஒன் பாட்டுதான் என்ன தடம் மாத்துச்சு, போட்டோவ கிழிச்சதுதான் திரும்ப சரியான வழிக்கு கொண்டு வந்ததுன்னு எழுதியிருக்காங்க. நான் அத அப்படியே நம்பறேன். பாப் ஸ்டாரா இருக்கணும்னு அவங்க வரல, கம்பெனிக்காரங்க பொம்பளப் பிள்ளையா லட்சணமா வான்னு சொன்னதுக்கு மொட்ட அடிச்சுட்டு வந்தவங்க.

சாமிய விட்டவங்களும் இல்ல. 1987-ல வந்த முதல் ஆல்பம் தி லயன் அண்ட் தி கோப்ரா, பேரே திருப்பாடல் 91-லேருந்து, சிங்கத்து மேலயும் பாம்பு மேலயும் நடப்பாய்ன்னு வருமே அது. 2007-ல தியாலஜின்னே ஒரு ஆல்பம் போட்டாங்க. 2018-ல இஸ்லாத்துக்குப் போனாங்க, 2023 ஜூலைல இறந்தப்ப இஸ்லாமிய முறைப்படிதான் பிரார்த்தன நடந்தது, அயர்லாந்துல பிரே ஊர் கடற்கரை ரோடு பூரா ஜனம்.

உங்க அம்மாவுக்கு அந்தப் படம் ஆறுதலா இருந்திருக்கு, சினேட்டுக்கு அது தன்ன அடிச்ச வீட்டு சுவரு. ரெண்டு பேர் சொல்றதும் நெசம்தான், நீங்க யாரையும் விட்டுக்குடுக்க வேண்டியதில்ல. முதல் ஆல்பத்துல ட்ராய்ன்னு ஒரு பாட்டு, ஆறரை நிமிஷம் ஓடும், முணுமுணுப்புல ஆரம்பிச்சு கடைசில தொண்ட கிழியற அளவுக்குப் போவாங்க, அதுவும் அம்மாவ நெனச்சு எழுதுனதுதான். இருபது வயசுல, வயித்துல பிள்ளையோட பாடுனது. ஹெட்போன் போட்டு கேளுங்க, கேட்டுட்டு எழுதுங்க.