வீட்டு உத்தரவாதப் பத்திரத்துக்கு மூன்று இலட்சம் கொடுக்கலாமா?

கேள்வி: நான் ஆரையம்பதியில் வசிக்கும் ஆசிரியை. கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். வீடு கட்டி விற்கும் ஒருவரிடம் கல்லடியில் ஒரு புதிய வீட்டை 1 கோடியே 40 இலட்சம் ரூபாய்க்குப் பேசி, 5 இலட்சம் முற்பணமும் கொடுத்துவிட்டோம். காணி உறுதி (விற்பனைப் பத்திரம்) இன்னும் எழுதவில்லை. மேலதிகமாக 3 இலட்சம் கட்டினால் மூன்று வருடத்துக்கு ‘வீட்டு உத்தரவாதம்’ தருவதாகச் சொல்லி, விற்பவர் ஒரு பத்திரத்தை அனுப்பியிருக்கிறார். அதன் பிரதியை இணைத்திருக்கிறேன். டெக்சாசில் இருக்கும் தம்பி, “இங்கே வீடு வாங்குகிற எல்லோரும் எடுக்கிறார்கள், எடுங்கள் அக்கா” என்கிறான். எடுக்கலாமா?

பதில்: எடுக்க வேண்டாம், சகோதரி. அந்தப் பத்திரத்தை இலவசமாகத் தந்தாலும் இப்போதைய வடிவில் கையெழுத்து வைக்க வேண்டாம் என்றே சொல்வேன். காரணம் அதன் 11ஆம் பந்தியில் இருக்கிறது.

முதலில் தம்பியின் பேச்சைத் தீர்த்துவிடுவோம். அமெரிக்காவில் இரண்டு வேறு ஏற்பாடுகள் இருக்கின்றன. புது வீடு கட்டி விற்பவர் தன் வேலைக்குத் தானே கொடுக்கும் உத்தரவாதம் ஒன்று. பொதுவாக, வேலைப்பாட்டுக்கு ஓராண்டு, குழாய், மின்சாரம் போன்றவற்றுக்கு இரண்டாண்டு, கட்டமைப்பின் பெருங்குறைகளுக்குச் சில இடங்களில் பத்தாண்டு வரை அது நீளும். மற்றையது, குளிரூட்டி, சுடுநீர்த் தாங்கி, குளிர்சாதனப் பெட்டி ஆகியவை பழுதானால் திருத்தித் தருவதாக ஒரு கம்பனி விற்கும் வருடாந்தச் சேவை ஒப்பந்தம். அதற்கு ஆண்டுக்குச் சில நூறு டொலர் கட்ட வேண்டும். திருத்துநர் வரும் ஒவ்வொரு முறையும் தனிக் கட்டணமும் உண்டு. ‘முன்பே இருந்த பழுது’, ‘சரியாகப் பராமரிக்கவில்லை’ என்று கம்பனி கைவிரிப்பதாக அங்கேயும் முறைப்பாடுகள் ஏராளம். தம்பி சொல்வது அநேகமாக இந்த இரண்டாவதைத்தான். வீடு வாங்கிச் சேமிப்புக் கரைந்து, பழைய குளிரூட்டியோடு வாழும் ஒருவருக்கு முதல் வருடத்தில் அது கொஞ்சம் நிம்மதி தரலாம். உங்களுக்குப் பேசப்படுவது புது வீடு. உங்கள் கவலை சுவரும் கூரையும்.

இனிப் பத்திரத்துக்கு வருவோம். வருடத்துக்கு உச்சத் தொகை 2 இலட்சம் என்கிறது. ஆகவே மூன்று வருடமும் முழுதாகக் கிடைத்தாலும் 6 இலட்சம்தான். ஒவ்வொரு வருகைக்கும் 4,500 ரூபாய் நீங்கள் கொடுக்க வேண்டும். பிறகு விலக்குகளின் பட்டியல்: கடற்காற்றால் வரும் துரு, வெள்ளம், கறையான், நீர்க்கசிவு, மயிரிழை வெடிப்பு, கையளிக்கும்போதே இருந்த குறைபாடு. ஒருபக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் இருக்கும் கல்லடியில் இவை எல்லாவற்றையும் கழித்துவிட்டால் ஒரு வீட்டுக்கு வேறு என்ன நோய்தான் வரும்? கதவுப் பூட்டும் மின்விளக்கு ஆளியும் மிஞ்சலாம்.

இதற்கு மேல் 11ஆம் பந்தி: ‘சட்டத்தின் கீழ் கொள்வனவாளருக்கு உள்ள ஏனைய எல்லா உரிமைகளுக்கும் பதிலாக இவ்வுத்தரவாதம் அமையும்.’ நீங்கள் 3 இலட்சம் கொடுத்து இழக்கப்போவது இதைத்தான்.

காணி, வீடு விற்பனைக்கு இலங்கையில் உரோமன் டச்சுச் சட்டம் பொருந்துகிறது. அதன்படி, விற்கும் நேரத்தில் இருந்து, சாதாரணமாகப் பார்த்தால் தெரியாமல், வீட்டின் பயன்பாட்டைக் கணிசமாகக் குறைக்கும் மறைந்த குறைபாட்டுக்கு விற்பவர் பொறுப்பு. அவருக்கே அது தெரியாமல் இருந்திருந்தாலும் பொறுப்புத்தான். குறையின் கனத்தைப் பொறுத்து விற்பனையை முறித்துப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அல்லது விலைக் குறைப்புக் கேட்கலாம். தெரிந்தே மறைத்திருந்தால் நட்டஈடும் கேட்கலாம். கொங்கிறீட்டுக்குக் கழுவாத கடல் மணலைக் கலந்திருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்துச் சில வருடங்களில் சிலாப் வெடிக்கும்; பூச்சும் நிறப்பூச்சும் புதிதாக இருக்கையில் அதை யாராலும் பார்க்க முடியாது. மறைந்த குறைபாட்டுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

இந்த உரிமைக்கு நீங்கள் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. ஆனால் இதைக் கையெழுத்திட்டு விட்டுக்கொடுக்க முடியும். ‘உள்ளபடியே பெற்றுக்கொண்டேன்’ என்ற ஒரு வரி உறுதியில் நுழைந்தாலே பாதிப் பாதுகாப்புப் போய்விடும். விற்பவர் மோசடியாக மறைத்ததை அந்த வரி காப்பாற்றாது என்பது உண்மை. மோசடியை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும் என்பதும் உண்மை. உறுதியின் வரைவை நொத்தாரிசிடம் முன்கூட்டியே வாங்கி, இப்படி வரி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள்.

விற்பவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: “உங்கள் வேலையில் நம்பிக்கை இருந்தால் 3 இலட்சம் வேண்டாம், விலையில் 7 இலட்சத்தை நான் பிடித்துவைக்கிறேன், ஒரு மாரி கழிந்ததும் தருகிறேன்.” அரச கட்டட ஒப்பந்தங்களில் கொந்தராத்துக்காரரின் பணத்தில் ஒரு பகுதியைக் குறைதிருத்தும் காலம் முடியும்வரை நிறுத்திவைப்பது நெடுநாள் வழக்கம். உங்கள் விலையில் 5 சதவீதம் 7 இலட்சம். ஆவணி வெயிலில் பார்த்த கூரையை நம்பாதீர்கள். கார்த்திகை, மார்கழி, தை மூன்று மாதமும் வடகீழ்ப் பருவமழை அடித்த பிறகுதான் எந்த மூலை கசிகிறது, மலசலகூடக் குழி எங்கே நிரம்புகிறது என்று தெரியும். பணம் உங்கள் கையில் இருக்கும்வரை மேசன் தொலைபேசியை எடுப்பார்.

இதை எழுத்தில், உறுதியோடு சேர்த்து நொத்தாரிசு முன்னிலையில் செய்யுங்கள். எழுத்து மூல ஒப்பந்தத்தை மீறினால் வழக்குத் தொடர 6 ஆண்டும், வாய்மொழி ஒப்பந்தமானால் 3 ஆண்டும் என்று 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. அதைவிட முக்கியமானது, எழுதிய ஆவணத்துக்கு முரணாக “வாயால் சொன்னாரே” என்று சாட்சி சொல்ல சாட்சியக் கட்டளைச் சட்டம் பொதுவாக இடம் தராது. குறை தெரிந்தால் 6 ஆண்டு இருக்கிறதே என்று ஆறப்போட வேண்டாம். மறைந்த குறைபாட்டுக் கோரிக்கை தாமதத்தைப் பொறுக்காது. படம் எடுத்து உடனே பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள்.

அந்த 3 இலட்சத்தில் ஒரு சிறு பங்கை, விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒரு பொறியியலாளருக்குக் கொடுத்து, உறுதிக்கு முன் வீட்டைப் பரிசோதியுங்கள். மாநகர சபையின் கட்டட அனுமதியையும், வீடு அந்த அனுமதிப்படி கட்டப்பட்டது என்று காட்டும் இணக்கச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள்.

நீர்ப்பம்பி, குளிரூட்டி, சூரிய மின்கலத் தொகுதி ஆகியவற்றின் பற்றுச்சீட்டும் கம்பனி உத்தரவாத அட்டையும் உங்கள் கைக்கு வரவேண்டும். இனி நீங்களே கடையில் வாங்கும் பொருள் உத்தரவாதப்படி இல்லாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள், எழுத்தில். காணியும் வீடும் அந்தச் சட்டத்தின் ‘பொருள்’ அல்ல.

விற்பவர் “என் கம்பனி வேண்டாமென்றால் இன்னொரு கம்பனி தரும்” என்று சொன்னால், அந்தக் கம்பனி காப்புறுதி செய்யப் பதிவு பெற்றதா என்று கேளுங்கள். தவணை வாங்கிக்கொண்டு நிச்சயமற்ற இழப்பை ஈடுசெய்வதாக வாக்களிப்பது காப்புறுதியாகிவிடக்கூடும். அதற்கு 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டப்படி பதிவு வேண்டும். வெள்ளம், சூறாவளி, தீ ஆகியவற்றுக்குப் பதிவு பெற்ற நிறுவனத்தில் வீட்டுக் காப்புறுதி எடுப்பதை நான் தடுக்கமாட்டேன். 1978 நவம்பர் சூறாவளியைக் கண்ட ஊர் இது.

நீங்கள் கேட்காத ஒன்று: முற்பணத்துக்கு வெறும் பற்றுச்சீட்டுத்தான் வாங்கினீர்களா? 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணியை விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் நொத்தாரிசு முன் அத்தாட்சிப்படுத்தப்பட வேண்டும். இல்லாவிட்டால், அவர் நாளை கூடுதல் விலைக்கு இன்னொருவருக்கு விற்றாலும் உங்களுக்கே விற்கும்படி நீதிமன்றத்தில் கட்டாயப்படுத்த முடியாது. 5 இலட்சத்தைத் திரும்பக் கேட்டு நிற்க வேண்டியதுதான். ஆகவே உத்தரவாதப் பேச்சில் சூடு ஏறுவதற்கு முன் விற்பனை உடன்படிக்கையை முறையாக எழுதிக்கொள்ளுங்கள். கணவர் பெயரும் சேர்வதானால் அவர் தோகாவிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் அற்றோணித் தத்துவம் (அவருக்காகக் கையெழுத்திட இன்னொருவருக்குத் தரும் அதிகாரப் பத்திரம்) எழுதி அனுப்பச் சில நாள் பிடிக்கும். அதை இன்றே தொடங்குங்கள்.