வீட்டு உலையில் அலுமினியம்: பிளக்ஸ், டீகேஸிங் கேள்வி பதில்

சிறு உலை வைத்து அலுமினியம் வார்க்கும் நண்பர்கள் கேட்டவற்றில், கசடும் வாயுவும் சம்பந்தப்பட்ட கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில். கசடைப் பிரிக்கப் போடும் உப்புத் தூள்தான் பிளக்ஸ்; உருகிய உலோகத்திலிருந்து வாயுவை வெளியேற்றுவது டீகேஸிங்.

சார், பிளக்ஸ் போட்டுத்தான் ஊற்றுகிறேன். ஆனாலும் லேத்தில் கடைந்தால் உள்ளே ஊசித்துளைகள். பிளக்ஸ் போதவில்லையா?

பிளக்ஸின் வேலை வேறு. ஆக்சைடையும் அழுக்கையும் உலோகத்திலிருந்து பிரித்து மேலே சேர்ப்பதுதான் அது. துளை போடுவது ஹைட்ரஜன். உருகிய அலுமினியத்தில் ஈரம் பட்டால், நீரிலுள்ள ஆக்சிஜனை அலுமினியம் பிடித்துக்கொள்ளும். ஹைட்ரஜன் உலோகத்துக்குள் கரைந்துவிடும். உருகுநிலையான 660 டிகிரியில், உறைந்த உலோகத்தைவிடச் சுமார் 20 மடங்கு ஹைட்ரஜன் திரவத்தில் கரையும். உறையும்போது அவ்வளவும் வெளியே வரப் பார்க்கும். வழி கிடைக்காதது குமிழாக உள்ளேயே நின்றுவிடும்.

முதலில் துளையை லென்ஸில் பாருங்கள். உருண்டையாக, உட்சுவர் வழவழவென்று இருந்தால் வாயு. கோணல்மாணலாக, சொரசொரப்பாக, தடித்த பகுதியில் கூடியிருந்தால் அது உறையும்போது உலோகம் சுருங்கியதால் வந்த துளை. அதற்கு ரைசரை, அதாவது சுருங்கும் வார்ப்புக்கு உருகிய உலோகம் ஊட்டும் கூடுதல் குழியை, பெரிதாக்க வேண்டும். எந்தத் தூளும் உதவாது.

அண்ணா, சமையல் உப்பு மட்டும் போட்டால் போதுமா? இந்துப்பு பரவாயில்லையா?

சமையல் உப்பு 801 டிகிரியில்தான் உருகும். நீங்கள் ஊற்றுவதோ 720 வாக்கில். பொட்டாசியம் குளோரைடை ஏறத்தாழ சம எடை கலந்தால் 660க்குப் பக்கத்திலேயே உருகிவிடும். இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், அதனால் பயனில்லை. உரக்கடையில் சிவப்பாகக் கிடைக்கும் பொட்டாஷ் பொட்டாசியம் குளோரைடுதான். அந்தச் சிவப்பு கொஞ்சம் இரும்பு ஆக்சைடு, கவலை வேண்டாம்.

உப்பு ஈரத்தை இழுக்கும். அதனால் இரண்டையும் இரும்புச் சட்டியில் நன்றாக வறுத்து, சூடு தணிவதற்குள் இறுக்கமான டப்பாவில் அடையுங்கள். 5 கிலோ உலோகத்துக்கு 50 கிராம் தாராளம். மேலே தூவி, காயவைத்த கரண்டியால் மேற்பரப்பை மட்டும் மெதுவாகக் கிளறுங்கள். களி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்த கசடு பொடிப்பொடியாக உதிரத் தொடங்கும். அப்போதுதான் வழித்தெடுக்க வேண்டும். முன்னாலேயே வழித்தால் நல்ல உலோகமும் கூடவே போகும். மக்னீசியம் அதிகமுள்ள அலாயில் (உலோகக் கலவையில்) மட்டும் சோடியம் உப்பு வேண்டாம், வார்ப்பு நொறுங்கும்.

நீச்சல் குளத்துக்குப் போடும் குளோரினை அடியில் அமுக்கினால் வாயு போய்விடும் என்கிறார்களே?

வேண்டவே வேண்டாம். வருவது குளோரின் வாயு, நுரையீரலைக் கெடுக்கும். பவுண்டரிகளில் (வார்ப்பாலைகளில்) வாயு நீக்கப் போடும் ஹெக்சாகுளோரோஈத்தேன் மாத்திரையும் நச்சுப்புகை விடும். அங்கே புகையை இழுக்கும் ஏற்பாடு இருக்கும். நம் வீட்டுக் கொல்லையில் என்ன இருக்கிறது? பக்கத்து வீட்டுக் குழந்தைகள் விளையாடுகிற இடம் அது.

அப்படியானால் சலவை சோடா?

பளிங்காக விற்பதில் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். வாயுவை நீக்கப் போய் நீங்களே ஹைட்ரஜன் ஊட்டுவீர்கள்.

வெல்டிங் ஆர்கான் சிலிண்டர் இருக்கிறது. பயன்படுமா?

நன்றாகவே பயன்படும். நுண்துளை போட்ட கிராஃபைட் குழாயைச் சிவக்கச் சூடாக்கி, மூசையின் (உலோகம் உருக்கும் பாத்திரத்தின்) அடிவரை இறக்கி, மெல்ல வாயுவை விடுங்கள். குமிழ் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது. ஹைட்ரஜன் அதற்குள் புகுந்து மேலே போய்விடும். மேற்பரப்பு லேசாக அசைந்தால் போதும். கொதிப்பதுபோல் துள்ளவிட்டால் புது ஆக்சைடு உள்ளே மடங்கும், அதுவே அடுத்த துளைக்கு வித்து.

மழைக்காலத்தில் மட்டும் துளை அதிகமாக வருகிறது. மனப்பிரமையா?

இல்லை, உண்மைதான். காற்றில் ஈரம், மூசையில் ஈரம், ஸ்க்ராப்பில் ஈரம். போதாததற்கு கேஸ் எரியும்போதே நீராவி உண்டாகிறது. என் கருத்தில், இதைச் சரிசெய்தால் வீட்டு வார்ப்பில் பாதிப் பேருக்கு ஆர்கானே தேவைப்படாது. ஸ்க்ராப்பை உலை மூடிமேல் வைத்துக் காயவிடுங்கள். சுடர் உலோகத்தில் நேராகப் படக் கூடாது, காற்று சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். 750ஐத் தாண்டவிடாதீர்கள், உருகிய பிறகு காக்கவைக்காதீர்கள். ஈரக் கரண்டியை உலோகத்துக்குள் விட்டால் வெடித்துத் தெறிக்கும், துளையைவிட அது பெரிய ஆபத்து.

ஊற்றும் முன் சோதித்துப் பார்க்க வழி?

சூடாக்கிய சிறு இரும்புக் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றி, உறையும்வரை மேல்முகத்தையே பாருங்கள். நடுவில் குழி விழுந்தால் நல்ல உலோகம். உப்பி, சிறு முத்துகள் கிளம்பினால் வாயு இருக்கிறது. அன்றைக்கு மோல்டில் ஊற்றாமல் இங்காட்டாக (வெறும் கட்டியாக) ஊற்றி மெதுவாக ஆறவிட்டு, மறுநாள் காய்ந்த துண்டுகளாகப் போட்டுச் சீக்கிரம் உருக்குங்கள்.