கைடை மூடி வச்சிட்டு நாடகத்தை வாய்விட்டுப் படிங்க

கேள்வி: எம்.ஏ. இங்கிலீஷ் ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். சிலபஸ்ல சாமுவேல் பெக்கெட்டோட ‘கோதோவுக்காகக் காத்திருத்தல்’ இருக்கு. ரெண்டு கைடு படிச்சிட்டேன், வாழ்க்கைக்குத் தயாரா ஒரு அர்த்தம் கிடையாது, நாமளேதான் உண்டாக்கிக்கணும்ங்கற இருத்தலியம், எதுக்கும் அர்த்தமே இல்லங்கற அபத்தம்னு பக்கம் பக்கமா எழுத வருது, ஆனா நாடகத்தைக் கையில எடுத்தா பத்து பக்கம் தாண்டல. எனக்கு இலக்கியம் வராதா?
- ஒரு மாணவர், திருநெல்வேலி

பதில்: கண்டிப்பா வரும் தம்பி. படிச்ச வரிசைதான் தலைகீழாப் போச்சு. ஒரு விஷயம் சொல்றேன். விளாதிமிர், எஸ்ட்ரகான்னு ரெண்டு பேர் கோதோங்கற ஆளுக்காகக் காத்துக்கிட்டே கிடக்கறாங்க, அவர் வரவே இல்ல, அதுதான் இந்த நாடகம். 1957 நவம்பர் 19ஆம் தேதி அமெரிக்காவுல சான் குவென்டின் ஜெயில்ல சுமார் 1,400 கைதிங்க முன்னாடி இந்த நாடகத்தைப் போட்டாங்க. இதைத் தேர்ந்தெடுத்ததுக்கு முக்கியக் காரணமே இதுல பொம்பளை வேஷம் இல்லங்கறதுதான். அதுக்கு முந்தின வருஷம் மயாமியில டிக்கெட் வாங்கிட்டு வந்தவங்களே நிறைய பேர் பாதியில எந்திரிச்சுப் போன நாடகம், அதனால நடிகருங்க பயந்துக்கிட்டுதான் மேடை ஏறினாங்க, ஆனா கைதிங்க அப்படியே ஒன்றிப்போய் உக்காந்து பாத்தாங்க. கோதோங்கறது யாருன்னு ஒரு நிருபர் கேட்டப்போ ஒருத்தர் சமூகம்னார், இன்னொருத்தர் வெளியுலகம்னார். இருத்தலியம்னா என்னன்னு அவங்களுக்கு யாரும் பாடம் எடுக்கல, ஆனா காத்துக்கிட்டே கிடக்கறதுன்னா என்னன்னு தினம் தினம் அனுபவிச்சவங்க. விமர்சகர் மார்ட்டின் எஸ்லின் 1961ல அபத்த நாடகத்தைப் பத்தி எழுதின புத்தகத்தை இந்த சம்பவத்துலேருந்துதான் ஆரம்பிக்கிறார், உங்க கைடுல வர்ற ‘அபத்த நாடகம்’ங்கற பேரே அந்தப் புத்தகத்தாலதான் பரவுச்சு.

அதனால ஒரு ஃப்ரெண்டைக் கூட்டிக்கிட்டு மொட்டை மாடிக்குப் போங்க. ஒருத்தர் விளாதிமிர், இன்னொருத்தர் எஸ்ட்ரகான், சத்தமா வாசிங்க. மௌனம்னு போட்டிருக்கற எடத்துல நெஜமாவே வாயை மூடிக்கிட்டு இருங்க, அங்கதான் இந்த நாடகத்தோட உயிரே இருக்கு. அப்புறம் ரெண்டு அங்கமும் முடியற எடத்தைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. மொதல் அங்கத்துல ‘போலாமா?’ன்னு எஸ்ட்ரகான் கேக்கறார், ‘போலாம்’னு விளாதிமிர் சொல்றார், ரெண்டு பேரும் அசையல. ரெண்டாவது அங்கத்துல அதே வசனம்தான், ஆனா கேக்கற ஆளும் சொல்ற ஆளும் மாறிடறாங்க. மொட்டையா நின்ன மரத்துல இப்ப நாலஞ்சு இலை வந்திருக்கு. இது ஏன்னு நீங்களா யோசிச்சு ஒரு பாரா எழுதினா போதும், பேப்பர் திருத்தறவங்களுக்கு இவங்க நாடகத்தைப் படிச்சிருக்காங்கன்னு தெரிஞ்சிடும். பெக்கெட் பிரான்ஸைப் பிடிச்சிருந்த நாஜிகளுக்கு எதிரான ரகசியக் குழுவுல இருந்தவர், குழு காட்டிக் கொடுக்கப்பட்டதும் 1942ல பாரிஸை விட்டுத் தப்பிச்சு தெற்கு பிரான்ஸ்ல ரூசியோன்ங்கற கிராமத்துல போர் முடியற காலம் வரைக்கும் ஒளிஞ்சிருந்தார், இந்த மாதிரி விவரத்தையெல்லாம் அதுக்கப்புறம் தேடிப் படிங்க, அப்பதான் மனசுல ஒட்டும்.

கேள்வி: ஸ்கூல்ல தமிழ் எடுக்கறேன். பிள்ளைங்களுக்குக் காட்டுயிர் கட்டுரைகள் குடுக்க ஆசை. ‘அதெல்லாம் சயின்ஸ் டீச்சர் வேலை’ன்னு சொல்றாங்க.
- ஒரு ஆசிரியை, பொள்ளாச்சி

பதில்: தாராளமா குடுங்க டீச்சர். மா. கிருஷ்ணனைக் காட்டுங்க. நாவலாசிரியர் அ. மாதவையாவோட மகன், 1950லேருந்து 1996ல இறக்கற வரைக்கும் ஸ்டேட்ஸ்மன்ங்கற இங்கிலீஷ் பத்திரிகையில காட்டுயிர் பத்தி எழுதினவர், தமிழ்லயும் எழுதியிருக்கார், அதைத் தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’னு தொகுத்திருக்கார். யானையைப் பாத்த அதே கவனத்தோட வீட்டுப் பக்கத்துல இருக்கற காக்காவையும் பாத்தவர், அந்தக் கவனம்தான் அவரோட நடையா மாறியிருக்கு, அது இலக்கியம் இல்லாம வேற என்ன? பிள்ளைங்களை ஒரு அணிலை அரை மணி நேரம் பாக்கச் சொல்லுங்க, அப்புறம் ‘அழகான’, ‘அற்புதமான’ங்கற வார்த்தை ஒன்னு கூட இல்லாம எழுதச் சொல்லுங்க. கஷ்டப்படுவாங்க, ஆனா அதுக்கப்புறம் கிருஷ்ணனைப் படிச்சா அவர் என்ன பண்ணியிருக்கார்னு அவங்களுக்கே புரியும்.

கேள்வி: ஓவியம் பத்தின கட்டுரை படிச்சா படம் புரியுமா, இல்ல படம் பாத்துட்டு கட்டுரை படிக்கணுமா?
- ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: படம்தாங்க மொதல்ல. கலை விமர்சகர் ஜான் பெர்ஜர் 1972ல வந்த ‘பார்க்கும் முறைகள்’ புத்தகத்துல இதை ஒரு சோதனையாவே பண்ணிக் காட்டியிருக்கார். வயலும் அதுலேருந்து பறக்கற பறவைகளும் இருக்கற, ஓவியர் வான்கா வரைஞ்ச படத்தைப் போட்டு, கொஞ்ச நேரம் பாருங்கங்கறார். பக்கத்தைத் திருப்பினா அதே படம், கீழ ‘தற்கொலைக்கு முன்னாடி வான்கா வரைஞ்ச கடைசிப் படம்’னு ஒரு வரி. சட்டுனு வானம் கருத்துப்போன மாதிரி ஆயிடுது, பறவையெல்லாம் சாவு சகுனமாத் தெரியுது. இத்தனைக்கும் அந்த வரியே சரியில்லங்க, அவர் கடைசியா வரைஞ்சது பெரும்பாலும் ‘மரவேர்கள்’ங்கற படமாத்தான் இருக்கணும்னு ஆம்ஸ்டர்டாம் வான்கா மியூசியம் சொல்லுது. இப்ப அந்த வயல் படத்தை மறுபடி ஒரு பத்து நிமிஷம் பாருங்க, என்ன தெரிஞ்சுதுன்னு எனக்கு எழுதுங்க.